மூடிய பெட்டியில் மூச்சு தடுமாறும்போது: பாசி, கீரை, காளான் கோளாறுகளை அறிகுறி வைத்துப் பிடிப்பது

பெங்களூர் அல்சூரில் ஒரு மூன்று மாடி வீட்டின் மொட்டை மாடி. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் தகரக் கொட்டகையில்தான் எங்கள் பெட்டி இருக்கிறது. விண்வெளியில் ஒரு மனிதனுக்கு வேண்டிய காற்றையும் சாப்பாட்டையும் செடியும் நுண்ணுயிருமே தர முடியுமா என்று சின்ன அளவில் பார்க்கத்தான் இதைக் கட்டினோம். 80 செ.மீ. நீளம், 60 அகலம், 65 உயரம், சுற்றிலும் அக்ரிலிக். உள்ளே சுமார் 310 லிட்டர் காற்று. ஒரு தட்டு நிறைய லெட்யூஸும் சிறுகீரையும், ஓரமாக இரண்டு மிளகாய்ச் செடி. பெட்டியின் காற்று வெளியே நிற்கும் 20 லிட்டர் சுருள்பாசி (ஸ்பைருலினா) குழாய்க்குள் குமிழியாகப் போய்த் திரும்பி வரும். யூரியாவை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாவுக்கு ஒரு பிவிசி குழாய். மனிதனுக்குப் பதிலாக வைக்கோல் பையில் சிப்பிக் காளான். அதுவும் நம்மைப் போல ஆக்சிஜனை இழுத்துக் கார்பன் டை ஆக்சைடை விடுகிற ஜீவன்தான். எலியை அடைத்து வைக்க எங்கள் யாருக்கும் மனம் வரவில்லை.

விண்வெளியில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 840 கிராம் ஆக்சிஜன் வேண்டும். அவர் விடுவது ஏறக்குறைய 1 கிலோ கார்பன் டை ஆக்சைடு. சர்வதேச விண்வெளி நிலையத்தில் இந்த வேலையை இயந்திரங்கள் பார்க்கின்றன, சாப்பாடு பூமியிலிருந்து போகிறது. அதையே செடியும் நுண்ணுயிரும் செய்ய வேண்டுமென்றால் எவ்வளவு இடம் வேண்டும்? 1995-இல் நாசாவின் ஜான்சன் மையத்தில் ஒரே ஒரு ஆளை 15 நாள் அடைத்து வைத்து, 11.2 சதுர மீட்டர் கோதுமையை வைத்தே அவருக்கு ஆக்சிஜன் கொடுத்தார்கள். எங்கள் தட்டு அதில் இருபதில் ஒரு பங்குகூட வராது. ஆனால் கோளாறுகள் மட்டும் அங்கே வந்த அதே கோளாறுகள்தான். கல்லூரியிலும் வீட்டிலும் இதுபோல் பெட்டி கட்டுகிறவர்கள் இரவு பத்து மணிக்கு மேல் போன் செய்து கேட்பதை எல்லாம் சேர்த்து இதை எழுதுகிறேன்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் செடி மேல் கை வைக்காதீர்கள். மீட்டர், கசிவு, காற்று, தண்ணீர், நுண்ணுயிர், செடி: இந்த வரிசையில் பாருங்கள். மூடிய பெட்டியில் கோளாறு ஒரு இடத்தில் இருக்கும், அழுகை வேறு இடத்தில் கேட்கும். காரணம் எளிது. 310 லிட்டரில் 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) என்றால் மொத்தமே அரை கிராம் கார்பன் டை ஆக்சைடு. நல்ல வெளிச்சத்தில் ஒரு தட்டுக் கீரை அதை ஒரு மணி நேரத்தில் தின்று தீர்த்துவிடும். மொட்டை மாடித் தொட்டியில் நீங்கள் செய்யும் தப்பை வானம் விழுங்கிக்கொள்ளும். பெட்டிக்குள் அந்த வசதி கிடையாது.

மீட்டர் 450 காட்டுகிறது, காளான் வேறு கதை சொல்கிறது

எங்களுக்கு இரண்டு வாரம் வீணானது இதில்தான். எஸ்பி ரோட்டில் ஒரு கடையில் கார்பன் டை ஆக்சைடு சென்சார் வாங்கினோம். திரையில் எப்போது பார்த்தாலும் 450, 500. அருமை என்று நினைத்தோம். ஆனால் காளானின் காம்பு விரல் நீளத்துக்கு வளர்ந்து, குடை சட்டைப் பித்தான் அளவுக்குச் சுருங்கிப் போயிருந்தது. சிப்பிக் காளான் வளர்க்கும் எவரும் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள்: காற்றில் கார்பன் டை ஆக்சைடு மிஞ்சிவிட்டது. 1000 பிபிஎம் தாண்டினாலே அது அப்படித்தான் கழுத்தை நீட்டும்.

குற்றவாளி சென்சாருக்குள் இருந்த 'தானாகத் திருத்திக்கொள்ளும்' வசதி. மலிவான சென்சார்கள் பலவும், கடந்த சில நாளில் பார்த்ததிலேயே குறைந்த அளவு எதுவோ அதுதான் வெளிக்காற்று என்று தாமே முடிவு கட்டி, அதை 400 என்று வைத்துக்கொள்ளும். அலுவலக அறைக்கு அது சரி. ராத்திரி ஆள் இல்லாதபோது அங்கே காற்று வெளிக்காற்றின் அளவுக்கு வந்துவிடும். மூடிய பெட்டி அந்த நிலைக்கு வருவதே இல்லை. எங்கள் பெட்டியில் குறைந்த அளவே 1200-க்கு மேல் இருந்தது; சென்சார் அதைத்தான் 400 என்று சாதித்துக்கொண்டிருந்தது.

முதலில் அந்த வசதியை அணைத்துவிடுங்கள். அணைக்க முடியாத சென்சார் இந்த வேலைக்கு ஆகாது. பிறகு அதை மாடிக்குக் கொண்டுபோய், சாலைப் பக்கம் இல்லாத மூலையில், மதிய நேரத்தில் அரை மணி வையுங்கள். 420, 450 வாக்கில் காட்ட வேண்டும். பெங்களூருக்கென்று இன்னொரு சிக்கல் உண்டு: நாம் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறோம், காற்றழுத்தம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. ஒளியை வைத்து அளக்கும் சென்சார் அந்த அளவுக்குக் குறைத்தே காட்டும். உயரத்தை உள்ளிடும் இடம் இருந்தால் 920 என்று போடுங்கள்.

இரண்டாவது சோதனை சமையலறையில் இருக்கிறது. பெட்டியைக் காலி செய்து மூடி, உள்ளே ஒரு கிண்ணத்தில் சரியாக 1 கிராம் சமையல் சோடா வைத்து, ஊசிக் குழாய் வழியாக வினிகரைத் தாராளமாக விடுங்கள். நுரை அடங்கியதும் விசிறியைப் பத்து நிமிடம் ஓட விடுங்கள். 1 கிராம் சோடா அரை கிராமுக்குச் சற்று மேல் கார்பன் டை ஆக்சைடு கொடுக்கும். 310 லிட்டரில் அளவு ஏறக்குறைய 1000 பிபிஎம் ஏற வேண்டும். கொஞ்சம் வினிகரிலேயே கரைந்து நிற்பதால் 900, 950 வந்தால் திருப்திப்படலாம். 300 மட்டும் ஏறினால் ஒன்று சென்சார் பொய், அல்லது பெட்டி ஓட்டை.

ஆக்சிஜன் சென்சாரைப் பெரிதாக நம்பி உட்கார வேண்டாம். கார்பன் டை ஆக்சைடு 1000 பிபிஎம் ஏறினால் அது இரண்டு மூன்று மடங்கு மாற்றம். அதே அளவு ஆக்சிஜன் இறங்கினால் 20.9 சதவீதம் 20.8 ஆகும், அவ்வளவுதான்.

விளக்கு போட்டதும் 'டப்' என்று சத்தம், பக்கச் சுவர் புடைக்கிறது

காற்று சூடாகி விரிகிறது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் இறுக மூடிய பெட்டியில் அழுத்தம் 3 சதவீதம் ஏறும். கேட்க அற்பமாகத் தெரியும். எங்கள் முன் சுவரின் பரப்புக்குக் கணக்குப் போட்டால் சுமார் 140 கிலோ எடை சாய்ந்து நிற்பது போல. சிலிகான் பிளந்ததில் ஆச்சரியமே இல்லை.

இதற்குப் பெட்டிக்கு ஒரு நுரையீரல் வேண்டும். அமெரிக்காவில் அரிசோனா பாலைவனத்தில் கட்டிய பயோஸ்பியர் 2 என்ற பிரம்மாண்டக் கண்ணாடி மாளிகைக்குக் காற்று விரிந்து சுருங்குவதற்கென்றே தனி மண்டபங்கள் இருந்தன. அவற்றை நுரையீரல் என்றே அழைத்தார்கள். எங்களுக்கு 20 லிட்டர் கெட்டிப் பை ஒன்று போதுமாக இருந்தது. பாதி ஊதி, குழாயால் பெட்டியோடு இணைத்துவிட்டோம். பகலில் உப்பும், ராத்திரி சுருங்கும். காலையில் அது எப்போதையும் விடத் தளர்ந்து கிடந்தால் கசிவு என்று அர்த்தம். சோப்பு நுரையைத் தடவி, முதலில் ஒயர் நுழையும் துளைகளைப் பாருங்கள். பத்தில் எட்டுத் தடவை அங்கேதான்.

செடி நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆக்சிஜன் வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது

சென்சார் சரி, கசிவும் இல்லை என்றால், கண்ணுக்குத் தெரியாமல் யாரோ மூச்சு விடுகிறார்கள். மண்ணைப் பாருங்கள்.

1991 செப்டம்பர் 26 அன்று பயோஸ்பியர் 2-க்குள் எட்டுப் பேர் போய்க் கதவை மூடிக்கொண்டார்கள். சுமார் 1.27 ஹெக்டேர், காடு, குட்டிக் கடல், வயல் எல்லாம் உண்டு. பதினாறு மாதத்தில் ஆக்சிஜன் 20.9-இலிருந்து 14.5 சதவீதத்துக்கு இறங்கியது. உள்ளே இருந்தவர்களுக்கு மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கியது. கடைசியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் ஏற்ற வேண்டியதாயிற்று. வளமாக இருக்கட்டும் என்று போட்ட மக்கு நிறைந்த மண்ணில் பாக்டீரியா கொழுத்து, ஆக்சிஜனைத் தின்றுகொண்டிருந்தது. அப்படியானால் கார்பன் டை ஆக்சைடு அதே அளவு ஏறியிருக்க வேண்டுமே? ஏறவில்லை. அதனால்தான் கணக்கு யாருக்கும் பிடிபடவில்லை. கட்டடத்தின் புதுக் கான்கிரீட் அதை உறிஞ்சிச் சுண்ணாம்புக் கல்லாக மாற்றிக்கொண்டிருந்தது. திருடியது ஒருவன், ஒளித்து வைத்தது இன்னொருவன்.

எங்கள் முதல் பெட்டியில் மேல்வீட்டு அக்கா அன்போடு கொடுத்த மண்புழு உரத்தை ஒரு முறம் கொட்டினோம். நான்கே நாளில் காளான் இல்லாமலே காற்று கெட்டுவிட்டது. இப்போது கழுவிய களிமண் உருண்டையும் தேங்காய் நாரும் மட்டும். பெட்டியில் எங்காவது புதுச் சிமெண்ட் பூச்சு, சுண்ணாம்புத் தொட்டி இருந்தாலும் எடுத்துவிடுங்கள். அறுவடைக்குப் பிறகு வேரை உள்ளேயே அழுக விடவும் வேண்டாம்.

பகலில் கார்பன் டை ஆக்சைடு தரைதட்டுகிறது, இரவில் கூரையை இடிக்கிறது

பெரும்பாலும் ஒரே நாளில் மொத்தமாக விதைத்து, ஒரே நாளில் மொத்தமாக அறுத்திருப்பீர்கள். சைபீரியாவில் கிராஸ்னயார்ஸ்கில் 1972-இல் கட்டி முடித்த பயோஸ்-3 என்ற மூடிய சோதனைக் கூடத்தில் (315 கன மீட்டர், மூன்று பேர், 180 நாள்) கோதுமையை வெவ்வேறு வயதில் வரிசையாக வளர்த்தார்கள், தினமும் ஒரு பங்கு அறுவடைக்கு வருகிற மாதிரி. தட்டை நான்காகப் பிரித்து வாரம் ஒரு பங்கு விதையுங்கள். காளான் பையும் ஒரே சமயத்தில் பூக்காமல் பத்து நாள் இடைவெளியில் ஒவ்வொன்றாக வையுங்கள்.

தண்ணீர் நீலமாகிவிட்டது

போன டிசம்பரில் பதினொரு மணிக்கு ஒரு தம்பி போன் செய்தான். "அண்ணா, பாசித் தண்ணி நீலமா போச்சுண்ணா, யாரோ இங்க் ஊத்தின மாதிரி இருக்கு."

"காலைல எவ்வளவு தண்ணி சேர்த்த?"

"அஞ்சு லிட்டர்ண்ணா. குறைஞ்சிருந்துச்சுன்னு ஊத்தினேன்."

"வெறும் தண்ணியா?"

பதில் இல்லை. அதுதான் பதில்.

சுருள்பாசி உப்பும் சோடாவும் கலந்த தண்ணீரில் வாழ்வது. வழக்கமான கரைசலில் லிட்டருக்கு 16.8 கிராம் சோடியம் பைகார்பனேட் இருக்கும், 20 லிட்டருக்கு 336 கிராம். திடீரென்று வெறும் தண்ணீரைக் கொட்டினால் உயிரணு வீங்கி வெடிக்கும். உள்ளே இருக்கும் நீல நிறமி கரைந்து வெளியே வரும். நீலத் தண்ணீர் என்றால் பாசி செத்துக்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குவளையில் எடுத்து வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள்: மேலே பச்சை மிதந்து, தண்ணீர் லேசாக மட்டும் நீலம் என்றால் காப்பாற்றலாம். பச்சை அடியில் சேறாகப் படிந்து, மேலே நுரை கட்டி, முட்டை அழுகிய வாடை வந்தால் கொட்டிவிட்டுக் கண்ணாடியைத் தேய்த்துக் கழுவுங்கள்.

காப்பாற்றுவதானால்: ஸ்கிரீன் பிரிண்டிங் துணியில் வடிகட்டி (சிக்பேட்டையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும்), பச்சையைப் புதுக் கரைசலில் போட்டு, மூன்று நாள் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து, பம்பை மெதுவாக ஓட விடுங்கள். வேகமான பம்பும் சுருளை முறித்துவிடும்.

தண்ணீர் ஊற்றாமலே இப்படி ஆனால் குளிரைச் சந்தேகியுங்கள். சுருள்பாசிக்கு 30, 35 டிகிரி பிடிக்கும். பெங்களூர் மார்கழி விடியலில் மாடிக் கொட்டகை 15 டிகிரிக்கு வந்துவிடும். குளிர்ந்த பாசி மீது ஆறு மணிக்கு முழு எல்இடி வெளிச்சமும் விழுந்தால் அதனால் செரிக்க முடியாது, வெளுத்துப் போகும். முதலில் மீன்தொட்டி ஹீட்டர், இரண்டு மணி நேரம் கழித்து விளக்கு.

பச்சை மங்காமல் மஞ்சளாகத் திரும்புகிறதா, நைட்ரஜன் தீர்ந்திருக்கும். பிஎச் (தண்ணீரின் அமில, கார அளவு) 9-க்குக் கீழே இறங்கி, பச்சை வேறு சாயலில் பளிச்சென்று தெரிந்து, வடிகட்டியில் நிற்காமல் ஓடுகிறதா, அது சுருள்பாசியே இல்லை, குளோரெல்லா என்ற வேறு பாசி குடியேறிவிட்டது. பிஎச்சை 10 பக்கம் ஏற்றினால் தானே ஒதுங்கும். கரைசல் கலக்கியதும் வெள்ளையாக வண்டல் இறங்கினால் போர் தண்ணீரின் கடினத்தன்மை. ஆர்ஓ தண்ணீருக்கு மாறுங்கள். காவேரித் தண்ணீரென்றால் குளோரின் போக ஒரு ராத்திரி வாளியில் திறந்து வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல், எப்போதும் 2 லிட்டர் பாசி தனியாக, வேறு ஜன்னலில், வேறு பம்பில் இருக்கட்டும். அந்தத் தம்பியிடம் அது இல்லை. மறுநாள் அல்சூர் வந்து எங்களிடமிருந்து தண்ணீர் பாட்டிலில் வாங்கிப் போனான்.

அம்மோனியா வாடை, அல்லது சோதனைக் கிட்டில் நைட்ரைட் சிவப்பு

ஐரோப்பிய விண்வெளி முகமை 1989 முதல் நடத்திவரும் மெலிசா திட்டத்தில் கழிவு, ஐந்து அறைகள் கொண்ட ஒரு சுழற்சியில் போகிறது. அதில் மூன்றாவது அறைதான் நம் பிவிசி குழாய்: ஒரு பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், இன்னொன்று அதை நைட்ரேட்டாக்கும். நான்காவதில் சுருள்பாசியும் செடியும், ஐந்தாவது மனிதர்கள். அங்கே மூலப்பொருள் சிறுநீர். இங்கே கடை யூரியா. சிறுநீர் யோசனையைச் சொன்னபோது அம்மா பார்த்த பார்வையில் அந்த அத்தியாயம் முடிந்தது. இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா 2025-இல் விண்வெளி நிலையத்துக்குப் போனபோது செய்த இந்தியச் சோதனைகளில் ஒன்று, நீலப்பச்சைப் பாசி யூரியாவில் எப்படி வளர்கிறது, நைட்ரேட்டில் எப்படி வளர்கிறது என்று பார்ப்பதுதான்.

மீன்தொட்டிச் சோதனைக் கிட் வைத்துப் பாருங்கள். அம்மோனியா மட்டும் ஏறினால் குழாய் இன்னும் பழகவில்லை. நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும், அவசரப்படுத்த முடியாது. நைட்ரைட் ஏறி நின்றால் இரண்டாவது பாக்டீரியா பின்தங்கியிருக்கிறது. யூரியாவைப் பாதியாக்கி, காற்றைக் கூட்டுங்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த குழாய் திடீரென்று நின்றால் பிஎச்சைப் பாருங்கள். இந்த வேலை அமிலத்தை உண்டாக்கும்; 1 கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்குச் சுமார் 7 கிராம் சுண்ணாம்புக் கல்லின் காரத்தன்மை செலவாகிறது. பிஎச் 6-க்குக் கீழே போனால் பாக்டீரியா வேலைநிறுத்தம். அதை ஈடுகட்ட, நொறுக்கிய முட்டை ஓட்டை ஒரு துணிப்பையில் கட்டிக் குழாய்க்குள் விட்டிருக்கிறோம்.

இலை நுனி கருகுகிறது; மிளகாய்ப் பூ கொட்டுகிறது; பூஞ்சை

லெட்யூஸின் உள் இலை நுனி கருகினால் எல்லோரும் உரத்தைத்தான் குறை சொல்வார்கள். கால்சியம் தண்ணீரில் இருக்கும், இலைக்கு ஏறாமல் இருக்கும். ஈரப்பதம் 90-ஐத் தாண்டினால் இலை வியர்க்காது, வியர்க்காத இலைக்குக் கால்சியம் வராது. விசிறியைத் திருப்பிச் செடியின் குருத்தைப் பார்த்து வையுங்கள். விண்வெளியில் இது இன்னும் மோசம். அங்கே சூடான காற்று மேலே எழுவதே இல்லை, விசிறி நின்றால் இலையைச் சுற்றிய காற்று அப்படியே நிற்கும். 2015 டிசம்பரில் சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஜின்னியாப் பூச்செடிகளில் பூஞ்சை பிடித்தது அப்படிப்பட்ட ஈரத்தில்தான். அங்கே இருந்த விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி இலைகளை வெட்டி, விசிறியைக் கூட்டி, அட்டவணையைத் தள்ளி வைத்துவிட்டுத் தன் கண்ணை நம்பித் தண்ணீர் விட்டார். ஜனவரியில் பூத்தது.

இலை கீழ்நோக்கிச் சுருண்டு, பூ கொட்டினால் அது வேறு: எத்திலீன். வாழைப்பழத்தைப் பழுக்க வைக்கும் அதே வாயு. செடியே விடும், அழுகும் இலையும் விடும். மூடிய இடத்தில் சேர்ந்துகொண்டே போகும். 1996-இல் ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்தில் குட்டைக் கோதுமை வளர்த்தார்கள். கதிர் நூற்றுக்கணக்கில் வந்தது, ஒன்றில்கூட மணி இல்லை. நிலையத்தின் காற்றில் எத்திலீன் 1 பிபிஎம்-க்கு மேல் இருந்ததே காரணம் என்று பிறகு தெரிந்தது. அடுத்து எத்திலீனைத் தாங்கும் வேறு ரகத்தைப் போட்டு மணி எடுத்தார்கள்.

எங்களுக்கு வந்தது எப்படி? கொட்டகையில் யாரோ வைத்துவிட்டுப் போன ஏலக்கி வாழைத் தாருக்குப் பக்கத்தில் பெட்டியைத் திறந்து வைத்திருந்தோம். சந்தேகம் வந்தால் ஒரு மிளகாய்ச் செடியை வெளியே எடுத்து ஒரு வாரம் மாடியில் வையுங்கள். அங்கே பூ நின்றால் தப்பு காற்றில். செங்கல் துண்டுகளைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் ஊறவைத்து, உலர்த்தி, விசிறிக்கு முன் சல்லடையில் தொங்க விடுங்கள். ஊதா பழுப்பானால் மாற்ற வேண்டும்.

தட்டின் ஓரத்தில் வெள்ளைப் பொரிவு

உப்பு. செடிக்குப் பொட்டாசியம் வேண்டும், கால்சியம் வேண்டும். சோடியத்தை அது ஒதுக்கிவிடும். பாசியின் பழைய கரைசலைக் கீரைக்கு ஊற்றியதால் எங்களுக்கு வந்தது. இப்போது கரைசலில் ஒரு பங்குக்குப் பொட்டாசியம் பைகார்பனேட் போடுகிறோம், வடிகட்டிய தண்ணீர் பாசிக்கே திரும்பிப் போகிறது. பூமியில் மிஞ்சிய உப்பைச் சாக்கடையில் விட்டால் தீர்ந்தது. விண்கலத்தில் ஆள் சாப்பிட்ட உப்பு சிறுநீரில் வந்து, குழாய் வழியாகச் சுற்றிச் சுற்றி வரும். வெளியேற வழியே இல்லை. உப்பைத் தின்கிற செடி ஏதாவது தட்டில் இருந்தால் அதுவே திரும்பச் சமையலுக்குப் போகும். நம் கடற்கரை உப்பளங்களில் தானாக வளரும் உமரிக்கீரையை அதற்காகத்தான் போன மாதம் ஊரிலிருந்து வரவழைத்து விதைத்தோம். இருபது விதையில் மூன்று முளைத்திருக்கிறது.